திங்கட்கிழமை வாடை

"எல்லாத்தையும் மாத்திப்போட்டேன் அம்மணி. வாசம் மட்டும் போக மாட்டேங்குது."

இதைச் சொல்லிவிட்டு நாச்சிமுத்து ஒரு துணி மூட்டையை மேசைமேல் வைத்தார். மூட்டைக்குள் ஒரு கார்பரேட்டர் இருந்தது.

மகுடேஸ்வரி அதைத் தொடவில்லை.

"என்ன வாசமுங்ணா?"

"பெட்ரோல் வாசந்தான். வேற என்ன."

"எப்ப வருது?"

"கார்பரேட்டர்ல இருந்துதான் வருது."

"எங்கிருந்துன்னு கேக்கலைங். எப்பன்னு கேட்டேன்."

நாச்சிமுத்து விழித்தார். இந்தக் கேள்விக்கு அவர் படித்துக்கொண்டு வரவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. உடுமலைப்பேட்டையில் பழனி ரோட்டில் ஷெட் வைத்திருக்கிறார். நாற்பது வருசமாக வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்து, வானத்தைப் பார்த்ததைவிட வண்டி அடித்தகட்டைப் பார்த்தது அதிகம். இதுவரை எந்த வண்டிக்காகவும் இன்னொரு மெக்கானிக் வாசலில் போய் நின்றதில்லை. இன்றைக்கு மொபெட்டை முறுக்கிக்கொண்டு மடத்துக்குளம் வரை வந்து, தன்னைவிடப் பதினாறு வயது சின்னவள் முன்னால் நிற்கிறார். வீம்பு பிடித்தவர்களை வாழ்க்கை இப்படித்தான் காதைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தும்.

மகுடேஸ்வரி கல்யாணத்துக்கு முன்பு டைப்ரைட்டர் ரிப்பேர் பார்த்தவள். டைப்ரைட்டர்கள் ஒழிந்ததும் கார்பரேட்டருக்கு மாறினாள். முன்னால் கடை, பின்னால் வீடு. பழனிக்கும் தாராபுரத்துக்கும் நடுவே எந்தப் பழைய வண்டி இருமினாலும் கடைசியில் அவளிடம்தான் வரும். பேச்சு மட்டும் கம்மி.

"யாரு வண்டிங்?" என்றாள்.

"வசந்தாமணின்னு ஒரு பொம்பள. முப்பது வருசத்து வேனு. அவங்க வீட்டுக்காரரு திருமூர்த்திக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. திங்கள், புதன், வெள்ளின்னு மூணு நாளு கோயமுத்தூருக்குக் கூட்டீட்டுப் போயி ரத்தம் சுத்தம் பண்ணிக் கூட்டீட்டு வருது. வேனையும் அதுவேதான் ஓட்டுது. பஸ்ஸுல அவரால முடியாது. வாடகைக் காருக்கு வழி கெடையாது."

"செரிங்."

"வேனுக்குள்ள பெட்ரோல் வாசம் வந்து அவருக்கு ஒரே வாந்தி. போன திங்கக்கெழம, 'நான் வர்ல, என்னைய உட்டுரு'ன்னு படுத்துக்கிட்டாரு. இந்தத் திங்களும் போகாட்டி உசுருக்கு ஆகாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. இன்னிக்குச் சனி."

சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. திருமூர்த்தி அவருக்குச் சொந்தமும் இல்லை, சிநேகிதமும் இல்லை. ஆனாலும் ஒரு மனிதன் தன் கைவேலை சரியில்லாததால் சாகக் கிடக்கிறான் என்றால் சோறு இறங்குமா? நாலு நாளாக நாச்சிமுத்துவுக்கு இறங்கவில்லை.

"நாலு தடவ பிரிச்சேன் அம்மணி. ஊசி மாத்துனேன். மிதவை மாத்துனேன். பம்பு மாத்துனேன். இஞ்சின் பக்கம் ஒரு ஓஸ் பைப்பு பாக்கியில்ல."

"நீங்க மோந்து பாத்தீங்களா?"

"நாலு தடவையும் பாத்தேன். ஒண்ணுமே வர்ல. அதான் எனக்கு ஒரு சந்தேகம். கிட்னி போனவங்களுக்கு மூக்கும் மாறிப்போகுமாம்."

"யாரு சொன்னது?"

"நானாத்தான் சொல்றேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாச்சிமுத்து ஒரு படி மேலே போய், ஆட்டம் பார்க்க வந்தவன் கண்ணே கோணல் என்றார்.

மகுடேஸ்வரி மூட்டையின் முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டி, அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"எப்பன்னு கேட்டுட்டு வாங்க."

"யாரக் கேக்கறது?"

"யாருக்கு வாசம் வருதோ, அவரத்தான்."

*

திருமூர்த்தி கட்டிலில் சாய்ந்து கிடந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு காலத்தில் இதே வேனில் தேங்காய் ஏற்றிக்கொண்டு பாலக்காடு வரை போய் வந்த ஆள். இப்போது தலையணையை நகர்த்தவே மூச்சு வாங்கியது.

"ஏனுங்," என்றார். "நாலு தடவ வண்டியப் பிரிச்சீங்க. ஒரு தடவையாச்சும் என்னக் கேட்டீங்களா?"

"இப்பக் கேக்கறனுங்க."

"என்ன கேக்கறீங்க?"

"வாசம் எப்பங்க வருது?"

திருமூர்த்தி யோசிக்கவே இல்லை. பதில் ரெண்டு மாதமாகத் தயாராக இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

"திங்கக்கெழம வரும். கொடலப் பொரட்டீரும். புதங்கெழம லேசா இருக்கும். வெள்ளிக்கெழம கெடையாது."

"வெள்ளிக்கெழம கெடையாதா?"

"சுத்தமாக் கெடையாது. போறப்பவும் வர்றப்பவும் நல்லாத் தூங்குவேன்."

நாச்சிமுத்து தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். சரிதான், மூக்கு மட்டும் இல்லை, மூளையும் போய்விட்டது என்று நினைத்தார். பெட்ரோலுக்குக் கிழமை தெரியுமா? நல்ல நாள் பார்த்து நாறுமா?

ஆனாலும் மொபெட் மடத்துக்குளம் பக்கம்தான் திரும்பியது.

*

மகுடேஸ்வரி ஒரு மெல்லிய கம்பியை பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்டின் துளைக்குள் விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கெழம வருதாம். புதன் கொஞ்சம். வெள்ளி இல்லியாம்," என்றார் நாச்சிமுத்து. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது.

அவள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் வீட்டுப் பக்கமிருந்து ஒரு நாற்றம் வந்தது.

"அம்மணி, பால் அடிப்புடிக்குது."

"அப்படிங்களா?"

அவள் எழுந்து உள்ளே ஓடினாள். பாத்திரத்தை இறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து பழையபடி உட்கார்ந்தாள். கடை முழுக்கக் கருகல் நாற்றம். அவள் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

நாச்சிமுத்து அவளையே பார்த்தார்.

"உனக்கு வாசம் தெரியாதா?"

"ரெண்டு வருசமாச்சுங். ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதோட போயிருச்சு."

"மல்லியப்பூ?"

"தெரியாதுங்."

"பெட்ரோலு?"

"அதுந்தான்."

 குருடனிடம் வழி கேட்கவா பெட்ரோல் செலவழித்து ரெண்டு தடவை வந்தோம்?

"அப்பறம் எப்படித்தான் கண்டுபுடிப்பே?"

"வண்டிக்காரங்களக் கேப்பேன்."

"வண்டிக்காரங்களுக்கு என்ன தெரியும்? ஆயிரம் சொல்வாங்க."

"ஆமாங். ஆயிரமும் கேப்பேன்."

 அவள் கம்பியை மறுபடி ஜெட்டுக்குள் விட்டாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"கார்பரேட்டர் கழுவறதுக்குப் பெட்ரோல் எங்கிங்ணா எடுப்பீங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? நாச்சிமுத்து துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"வண்டில இருந்துதான் எடுக்கறது. எல்லா ஷெட்டுலயும் அப்படித்தான்."

"எவ்வளவுங்?"

"அரை லிட்டரு."

மகுடேஸ்வரி வெளியே நின்றிருந்த அவருடைய மொபெட்டை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

நாச்சிமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் வாசத்தப் பத்திக் கேட்டு வந்தா நீ என் யோக்கியதையப் பத்திப் பேசறே."

"இல்லீங். நானும் வாசத்தப் பத்தித்தான் பேசறேன்."

 ஜெட்டை வாயருகே வைத்து ஊதினாள்.

*

அமராவதிப் பாலத்தில் அவர் மொபெட்டை நிறுத்தினார்.

கோபமாகத்தான் கிளம்பி வந்திருந்தார். பாலத்துக் காற்றில் கோபம் கொஞ்சம் இறங்கியது. இறங்கிய இடத்தில் ஒரு கணக்கு வந்து உட்கார்ந்தது.

டாக்டர் வண்டி ஷெட்டுக்கு வரும்போது பெட்ரோல் முள் அடியில் கிடக்கும். தலைமையாசிரியர் வண்டியும் அப்படித்தான். ரைஸ்மில்காரர் வண்டி பாதி நாள் தெருமுனையில் நின்றுபோய், தள்ளிக்கொண்டுதான் உள்ளே வரும். இந்த ஊரில் எல்லாரும் காலி டேங்கோடுதான் வண்டி ஓட்டுகிறார்கள் என்று நாற்பது வருசமாக நினைத்திருந்தார். அப்படி யாராவது ஓட்டுவார்களா?

மெக்கானிக்கிடம் விடுவதற்கு முன்னால் பெட்ரோலை இறக்கிவைத்துவிட்டு வருகிறார்கள். எடுத்துக்கொள்வார் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவர் எடுக்கத்தான் செய்தார். அரை லிட்டர் கழுவ, ஒரு லிட்டர் மொபெட்டுக்கு. இந்தப் பாலம் வரை அவரைக் கொண்டுவந்து நிறுத்தியதே யாரோ வண்டிக்காரர் பெட்ரோல்தான்.

வசந்தாமணி ஒவ்வொரு சனிக்கிழமையும்தான் வண்டியை விடுவாள். அடியில் ஒரு சொட்டு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அடுத்த வாரத்துக்கென்று முழுசாக நிரப்புவாள். திங்கள் டேங்கு நிறைந்திருக்கும். புதன் பாதி. வெள்ளி முக்கால்வாசி காலி.

இஞ்சின் பக்கம் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு டேங்கின் உச்சியில் எங்கேயோ இருக்கிறது. பெட்ரோல் அந்த உச்சியைத் தொடும்போது மட்டும் கசிகிறது. நிறைந்த டேங்கு எப்படி நாறும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அவரை நம்பி யாரும் நிறைந்த டேங்கைக் கொண்டுவந்ததில்லையே.

அவருக்கு வெட்கமாக இருந்தது. பாலத்தில் போன பஸ்ஸிலிருந்து யாரோ தெரிந்தவர் கையசைத்தார். நாச்சிமுத்துவால் திருப்பிக் கையசைக்க முடியவில்லை.

*

அன்றிரவே கார்பரேட்டரை மாட்டி வேனைத் திருப்பிக் கொடுத்தார். ஞாயிறு காலை மறுபடி வசந்தாமணி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"டேங்க முழுசா ரொப்பி வண்டிய என்கிட்ட உடோணுமுங்க. சாயந்திரம் குடுத்தர்றேன்."

 வாசல் ஓரத்தில், வண்டியிலிருந்து பெட்ரோலை இறக்கிவைக்கும் ரெண்டு பிளாஸ்டிக் கேன் இருந்தது. வசந்தாமணி அதைப் பார்த்தாள்.

நாச்சிமுத்துவும் பார்த்தார். மென்று முழுங்கிப் பிரயோசனமில்லை என்று தெரிந்தது.

"உங்க வண்டில பெட்ரோல் எடுத்திருக்கறனுங்க. எடுக்கலைன்னு பொய் சொல்ல வர்ல."

"தெரியுமுங்க," என்றாள் அவள். "மொதத் தடவ உங்ககிட்ட உட்டப்ப கால் டேங்கு இருந்துச்சு. பொள்ளாச்சில ரொப்பிக்கலாம்னு, அதை நம்பி முள்ளப் பாக்காமக் கெளம்பீட்டேன். கோமங்கலத்துக்கிட்ட வண்டி நின்னுபோச்சு. உள்ள இவரு முடியாமக் கெடக்கறாரு. நான் கேனத் தூக்கிட்டு ரெண்டு மைலு நடந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே."

"கேட்டா நீங்க கோவிச்சுக்குவீங்க. பழைய கார்பரேட்டர் வண்டியத் தொடற ஆளு இங்க வேற யாரு இருக்கறாங்க?"

 அவள் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. இவ்வளவு நாள் பயந்துகொண்டு தன்னிடம் வண்டியை விட்டிருக்கிறாள் என்பதுதான் அவரை அறுத்தது.

"டேங்கு நெறஞ்சாத்தானுங்க அந்த வாசம் வரும்," என்றார். "காலி டேங்குல நான் நூறு தடவ மோந்தாலும் வராது. அவரு மூக்குல ஒரு குத்தமும் இல்ல. நாந்தான் அவர நம்பல. நீங்க என்ன நம்பல. நடுவுல அந்தக் கோளாறு சொகமா ஒக்காந்துக்குச்சு."

உள்ளேயிருந்து திருமூர்த்தியின் இருமல் கேட்டது.

வசந்தாமணி சாவியை எடுத்துக்கொண்டாள். "ஏறுங்க. பெட்ரோல் பங்குக்குப் போலாம்," என்றாள்.

டேங்கின் கழுத்து வரை நிரப்பினார்கள். ஷெட் வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது அவள் கை சாவியை லேசில் விடவில்லை.

"பயமாத்தான் இருக்குதுங்க," என்றாள். "ஆனாலும் உட்டுட்டுப் போறேன்."

நடந்தே வீட்டுக்குப் போனாள்.

*

நாச்சிமுத்து வேனை வெயிலில் நிறுத்தினார். இந்தத் தடவை ஸ்பானரை எடுக்கவில்லை. பின் சீட்டில், திருமூர்த்தி படுக்கும் இடத்தில், அவருடைய தலையணையில் தலைவைத்துப் படுத்தார். ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

நாலு தடவையும் அவர் மோந்து பார்த்தது முன் சீட்டில் உட்கார்ந்துதான். இங்கே படுத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

பத்து நிமிசம் ஆயிற்று. ஒன்றுமில்லை.

இருபது நிமிசம். முதுகு வேர்த்தது. மறுபடியும் தப்பாகிவிட்டதோ என்று நினைத்தார்.

அப்புறம் அது வந்தது. சீட்டுக்குக் கீழேயிருந்து, தலையணைப் பக்கமாக, மெதுவாக. முதலில் லேசாக. பிறகு தொண்டையைப் பிடிப்பதாக. நாச்சிமுத்து எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து குமட்டினார். குமட்டிக்கொண்டே சிரித்தார். பெட்ரோல் நாற்றத்துக்கு இப்படிச் சந்தோசப்பட்ட மனிதனை உடுமலை அதுவரை பார்த்ததில்லை.

அடியில் போய்ப் படுத்தார். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் தடித்த ரப்பர் குழாய் கீழேயிருந்து பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. கையை மேலே விட்டுத் தடவினார். மேல் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல் நீளத்துக்கு வெடிப்பு. விரல் ஈரமாக வெளியே வந்தது.

பெட்ரோலை ஒரு டிரம்மில் இறக்கினார். குழாயை மாற்றினார், ரெண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினார். இறக்கிய பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் திரும்ப ஊற்றினார். கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டு, மறுபடி போய்த் தலையணையில் படுத்தார். ஒரு மணி நேரம் கழித்தும் தலையணையில் தலையணை வாசம்தான் இருந்தது.

மகுடேஸ்வரிக்குப் போன் போட்டார்.

"அம்மணி, செரியாயிருச்சுங்க."

அவருக்கே தெரியாமல் அந்த 'ங்க' வந்து ஒட்டிக்கொண்டது.

"அப்படிங்களா. யாரு சொன்னது?"

"நானா..."

நாச்சிமுத்து பாதியில் நிறுத்தினார். எதிர்முனையில் அவள் போனை வைத்துவிட்டாள்.

*

திங்கட்கிழமை காலையில் திருமூர்த்தியை வேனில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"எனக்கு வேண்டாம் வசந்தா. இன்னிக்குத் திங்கக்கெழம."

"மெக்கானிக் அண்ணன் செரி பண்ணிட்டாருங்க."

"நாலு தடவையும் அதத்தான் சொன்னாரு."

"நானும் கூட வர்றனுங்க," என்றார் நாச்சிமுத்து. "உங்க காலடியிலயே ஒக்காந்துக்கறேன். வாசம் வந்தா அந்த எடத்துலயே திரும்பீரலாம்."

திருமூர்த்தி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சண்டை போடத் தெம்பில்லாதவராக, ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வசந்தாமணி வழக்கமான பிளாஸ்டிக் பையை அவர் கைக்கெட்டும் தூரத்தில் செருகி வைத்தாள்.

வண்டி கிளம்பியது.  கோமங்கலம் தாண்டியது. நாச்சிமுத்துவுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. ஆனால் அந்த நாலு தடவையும் அவருக்குத் தெரியவில்லையே. தன் மூக்கை விட்டுவிட்டுத் திருமூர்த்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தூங்குகிறாரா, குமட்டலை அடக்குகிறாரா என்று தெரியவில்லை.

பொள்ளாச்சி போனது.

கிணத்துக்கடவு நெருங்கும்போது திருமூர்த்தி கண்ணைத் திறந்தார். ஒரு தடவை நீளமாக மூச்சை இழுத்தார்.

"வசந்தா. வண்டிய ஓரமா நிறுத்து."

வசந்தாமணியின் கால் பிரேக்கில் விழுந்தது. நாச்சிமுத்து பாய்ந்து பிளாஸ்டிக் பையை எடுத்து விரித்துப் பிடித்தார். 

திருமூர்த்தி பையை விலக்கினார்.

"அது எதுக்குங்க? அதா, அந்தக் கடைல ஆவி பறக்குது பாருங்க. ரெண்டு இட்லி வாங்கிட்டு வாங்க. பசிக்குது."